இடது கையில் இரண்டு தழும்பு

நவம்பர் வந்தால் நாம் எல்லோரும் ஒரே வரிசையில்தான் வந்து நிற்கிறோம். கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் பென்ஷன் புத்தகம், ஆதார் அட்டை, மூக்குக் கண்ணாடிக் கூடு, தண்ணீர் பாட்டில். முழங்கால் போனவர்களுக்கு முதலில் நாற்காலி கொடுக்கிறார்கள். போன வருஷம் நமக்கு முன்னால் நின்றவர் இந்த வருஷம் இல்லையென்றால் யாரும் கேட்பதில்லை. வரிசை கொஞ்சம் முன்னால் நகர்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். உயிரோடு இருக்கிறோம் என்று வருஷத்துக்கு ஒரு தடவை நேரில் வந்து காட்ட வேண்டும். இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நானும் காட்டிவிட்டுத்தான் வருகிறேன். ஆனால் ஜன்னலில் இருக்கும் பெண் என் பெயரைப் படித்து, "நீங்கதானே தாத்தா?" என்று கேட்கும்போது பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது. பின்னால் நிற்பவர்கள், சத்தமாகக் கேளும்மா, காது மந்தம் என்கிறார்கள். காது நன்றாகத்தான் கேட்கிறது. அந்தப் பெயர் என்னைத்தான் சொல்கிறதா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அது ஏன் என்று யாரிடமும் முழுக்கச் சொன்னதில்லை. மனைவியிடம் பாதி சொன்னேன். மீதியைச் சொல்வதற்குள் அவள் போய்விட்டாள். உங்களுக்குச் சொல்கிறேன். கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், எனக்கு நேராகப் போகத் தெரியாது.

பிரெஞ்சுக்காரன் காலத்தில் முதலியார்பேட்டைக்குத் தனியாக ஒரு கொம்யூன், நகராட்சி மாதிரி, இருந்தது என்றால் இப்போதைய பிள்ளைகள் நம்புவதில்லை. கொம்யூன் ஆபீஸை மேரி என்போம். கடற்கரையில் இருக்கிறதே பெரிய மேரி, அது டவுனுக்கு. எங்களுக்கு எங்கள் மேரி. ஓட்டுக் கட்டடம், முன்னால் தாழ்வாரம், வாசலில் கொடிக்கம்பம், முற்றத்தில் ஒரு வாதாம் மரம். ஊருக்கு வேண்டியதெல்லாம் அங்கேயிருந்துதான் வந்தது. பிறந்தால் அங்கே போய் எழுத வேண்டும். செத்தால் அங்கே போய் எழுத வேண்டும். கோயிலில் கல்யாணம் முடிந்தாலும் அங்கே கொம்யூன் தலைவரான மேர் முன்னால் கையெழுத்து வைத்தால்தான் கல்யாணம். சாயங்காலம் தெருவிளக்கைப் போட ஓர் ஆள் சைக்கிளில் வருவார். சாக்கடைக்குப் பினாயில் ஊற்ற இன்னோர் ஆள். மேரியின் பின்கட்டில் ஒரு கம்பவுண்டர் இருந்தார். எல்லாக் காய்ச்சலுக்கும் ஒரே சிவப்பு மருந்து. பாட்டிலை நாம் கொண்டுபோக வேண்டும். எத்தனை வேளை என்பதற்குக் காகிதத்தைப் பல் பல்லாக வெட்டிப் பாட்டிலின் பக்கத்தில் ஒட்டித் தருவார். அந்தக் காகிதத்தை நாக்கால் நக்கிப் பார்த்தால் கோந்து இனிக்கும்.

என் அப்பா அந்தக் கொம்யூனின் குழாய்க்காரர். தெருமுனைக் குழாய்களுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற வேலை. என் இடுப்பு உயரத்துக்கு ஒரு இரும்புச் சாவி வைத்திருந்தார், மேலே குறுக்கே ஒரு பிடி. தரையில் ஒரு மூடியைத் தூக்கி, உள்ளே சாவியை இறக்கி, இரண்டு கையாலும் திருப்புவார். முதலில் ஒரு பெருமூச்சு மாதிரி காற்று வரும். அப்புறம் சிவப்பாகத் துருத்தண்ணீர். அதைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, ஒரு கை பிடித்து வாயில் வைத்துப் பார்த்து, தலையை ஆட்டினால்தான் முதல் குடத்தை வைக்கலாம். அவருக்கு முன்னால் யாராவது குடத்தை நீட்டினால் காலால் தள்ளிவிடுவார். அதனால் அவருக்குக் கல்நெஞ்சுக்காரர் என்று பெயர். "குழாய்க்காரரே, வாய்ல ஊத்திப் பாத்துட்டுத்தான் தருவீங்களா, நாங்க என்னா சாராயமா கேட்டோம்" என்று குழாயடியில் பெண்கள் கிண்டல் செய்வார்கள். அவர் சிரிக்க மாட்டார். என் காதைக் குழாயில் வைத்துக் கேட்கச் சொல்வார். இரும்புக்குள்ளே தூரத்தில் யாரோ நடந்து வருவது மாதிரி ஒரு சத்தம் இருக்கும்.

அவர் கல்நெஞ்சுக்காரர் என்று அம்மாவும் நம்பினாள். அதற்கு அவளிடம் வேறு காரணம் இருந்தது.

எனக்கு முன்னால் ஒரு பையன் பிறந்து, ஒன்றரை வயசில் வயிற்றுப்போக்கு கண்டு இறந்துபோயிருந்தான். காலையில் போனான், மத்தியானம் அடக்கம். அன்று சாயங்காலமே அப்பா சாவியை எடுத்துக்கொண்டு குழாய் திறக்கப் போய்விட்டார். அதைத்தான் அம்மா மன்னிக்கவில்லை. அவன் போய் ஒன்றரை வருஷம் கழித்து நான் பிறந்தேன். அப்பாவின் அப்பா பெயரை முதல் பையனுக்கு வைத்திருந்தார்கள். அந்தப் பெயர் சும்மா போகக்கூடாது என்று அப்பா எனக்கும் அதையே வைத்துவிட்டார். அம்மா வேண்டாம் என்றாளாம். சாமியார் ஞானஸ்நானத்தில் அந்தப் பெயரைச் சொல்லித் தண்ணீர் ஊற்றியபோது அவள் கோயிலுக்கு வெளியே நின்றிருந்தாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். அம்மா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "தம்பி" என்பாள், "டேய்" என்பாள், கோபம் வந்தால் "இந்தா" என்பாள். மில்லில் நூல் சுற்றும் வேலை அவளுக்கு. சங்கு ஊதி வீட்டுக்கு வரும்போது தலையெல்லாம் பஞ்சு ஒட்டி, சீக்கிரமே நரைத்தவள் மாதிரி இருப்பாள். தெருமுனையிலிருந்தே "தம்பீ" என்று குரல் வரும். எல்லா அம்மாக்களும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

எனக்கு ஏழு வயசு. கொடி மாறின வருஷம் அது. வெள்ளைக்காரன் போகப்போகிறான் என்று ஊர் முழுக்கப் பேச்சு. போவதற்குள் புத்தகங்களைச் சரிபார்த்து ஒப்படைக்க வேண்டும் என்று மேரியில் எல்லோரும் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். மழை ஆரம்பித்திருந்தது. ஒரு நாள் காலை அம்மை குத்துகிறவர் வந்தார். வெள்ளைத் தொப்பி, காக்கிக் கால்சட்டை, ஸ்பிரிட் வாசனை. தாழ்வாரத்தில் மேசை போட்டு, புத்தகத்தைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டு, குத்தாத பிள்ளைகளுக்குக் குத்தினார். குத்தின பிள்ளைகளின் தழும்பைப் பார்த்து ஒரு கோடு போட்டார். அவருடைய ஊசி பேனா முனை மாதிரி இருக்கும். சின்ன விளக்கில் காட்டிக் காட்டி எடுப்பார்.

என் பெயர் வந்தது. போய் நின்றேன்.

"இடது கை, ரெண்டு. நல்லா புடிச்சிருக்குன்னு எழுதியிருக்கு. காட்டு."

நான் சட்டையைத் தூக்கிக் காட்டினேன். என் கையில் ஒன்றும் இல்லை. வலது கையைத் திருப்பிப் பார்த்தார். கட்டை விரலை ஈரமாக்கி அழுக்கைத் தேய்ப்பது மாதிரி தேய்த்துப் பார்த்தார். "எங்கடா போச்சு?" என்று கேட்டார். பின்னால் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். புத்தகத்தில் குத்திவிட்டுக் கையை மறந்துட்டாங்க என்று ஒருவன் சொன்னான். எனக்குக் கையில் இருந்த எதையோ நான்தான் தொலைத்துவிட்டேன் என்று தோன்றியது. அழுகை வந்தது. வாதாம் மரத்தடியில் அப்பா நின்றிருந்தார். அவரைக் கூப்பிட்டார்கள்.

அப்பா வந்தார். புத்தகத்தைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. மேசையின் காலைப் பார்த்தார்.

"மறைஞ்சி போயிருக்கும் முசே" என்றார். எங்கள் பக்கம் ஆபீஸ் மனிதர்களை அப்படித்தான் அழைப்போம்.

"இது மறையாது. சாவுற வரைக்கும் இருக்கும்" என்றார் அம்மை குத்துகிறவர்.

சொல்லிவிட்டுப் புத்தகத்தில் இருந்த வயசைப் பார்த்தார். பத்து. என்னைப் பார்த்தார். நான் ஏழு வயசுக்கே சின்ன உருவம். அப்பாவின் முகத்தைப் பார்த்தார். அவர் எத்தனை வீட்டுக் கையைப் பார்த்திருப்பார், எவ்வளவு அவருக்குப் புரிந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. மற்ற பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொன்னார். ஊசியைத் தீயில் காட்டினார். என் இடது கையைப் பிடித்து, மேலே ஒன்று, இரண்டு விரல்கடை விட்டுக் கீழே ஒன்று, கீறினார். புத்தகத்தில் ஒன்றும் எழுதவில்லை.

"புஸ்தகம் சொல்றபடி கை இருக்கட்டும்" என்று அப்பாவிடம் மெதுவாகச் சொன்னார். "போ."

அப்பா அவரைக் கும்பிட்டார். அப்பா யாரையும் கும்பிட்டு நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

நாலாம் நாள் இரண்டும் கொப்புளித்தன. ஒரு வாரத்தில் முத்து மாதிரி தண்ணீர் கோத்து, காய்ச்சல் வந்தது. அம்மா வேப்பிலையால் தடவிக்கொடுத்தாள். தடவிக்கொண்டிருந்தவள் நடுவில் நிறுத்திவிட்டாள். வேப்பிலையைக் கீழே போட்டுவிட்டு, மேலே இருந்ததில் ஒரு விரலும் கீழே இருந்ததில் ஒரு விரலும் வைத்துப் பார்த்தாள். விரலை எடுக்கவே இல்லை. எனக்கு வலித்தது, சொல்லப் பயமாக இருந்தது. அவனுக்கும் இதே இடம், இதே இடைவெளி என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். அன்றிலிருந்து அவள் எனக்குச் சோறு போடும்போது என் கையைப் பார்க்காமல் இருக்க முயற்சி செய்வாள். நான் முழுக்கைச் சட்டை கேட்டேன். எனக்குள் வேறு யாரோ வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறான், அவன் கைதான் இது என்று நினைப்பேன். குழாயில் காதை வைத்தால் நடந்து வருகிற சத்தம் கேட்குமே, அது அவன்தான் என்று அந்த மழையில் எனக்கு நிச்சயமாகிவிட்டது. அப்புறம் நான் குழாயில் காது வைக்கவில்லை.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாமியார் ஓர் அறிவிப்பு செய்தார். கல்லறைத் தோட்டத்தில் இடம் இல்லை. சின்னப் பிள்ளைகள் வரிசையில் ஐந்து வருஷத்துக்கு மேலான குழிகளை எடுத்துவிட்டுப் புதுசுக்கு விடப்போகிறார்கள். குழியை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் கல்லறைத் திருநாளுக்குள் கொம்யூன் கொடுத்த சாவுச் சீட்டைக் காட்டிவிட்டுக் கல் சிலுவை நட வேண்டும்.

அவன் குழியில் ஒரு மரச் சிலுவைதான் இருந்தது. அப்பா செய்தது. வருஷா வருஷம் அம்மா அதற்குச் சுண்ணாம்பு அடிப்பாள். உங்க ஆபீஸ்தானே, சீட்டை வாங்கிட்டு வாங்க என்று அப்பாவிடம் சொன்னாள். எழுத்தர் லீவு என்றார் அப்பா. அடுத்த நாள், மழையில் ஈரமாகிப் புத்தகத்தைக் காயவைத்திருக்கிறார்கள் என்றார். அதற்கடுத்த நாள் ஒன்றும் சொல்லவில்லை. மில்லில் அரைநாள் லீவு கேட்டுக்கொண்டு அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு மேரிக்குப் போனாள்.

எழுத்தர் வயசானவர், காது வரைக்கும் வெற்றிலைச் சிவப்பு. புத்தகத்தைத் தேடி எடுத்து, எச்சில் தொட்டுத் தொட்டுப் பக்கம் திருப்பினார். அவ்வளவு பெரிய புத்தகத்தை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. ஒரு கதவைப் படுக்கப் போட்டது மாதிரி இருந்தது. பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், சாட்சி இரண்டு பேர் எல்லாம் இருக்கிறது என்றார். செத்திருந்தால் இந்த ஓரத்தில் எழுதியிருப்போம், ஓரம் காலியாக இருக்கிறதே என்றார். விரலால் அந்தக் காலி இடத்தைக் காட்டினார். அம்மாவுக்கும் படிக்கத் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் வெறும் இடம் எங்களுக்கும் தெரிந்தது.

"இந்தப் புள்ள உயிரோடதான் இருக்கான். இதோ பக்கத்துல நிக்கறானே" என்றார்.

"இது அவன் இல்லிங்க" என்றாள் அம்மா. "இது அவன் தம்பி."

எழுத்தர் இன்னொரு புத்தகத்தை எடுத்தார், நான் பிறந்த வருஷத்தினுடையது. முதலிலிருந்து கடைசி வரைக்கும் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். நான் அதில் இல்லை. அவர் புத்தகத்தை மூடி, அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, கதவைச் சாத்தச் சொன்னார். அப்புறம் அவர் சொன்னதை அம்மா வழி முழுக்கத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்ததால் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"அந்தப் புள்ள போனதை இவர் வந்து எழுதல. இந்தப் புள்ள வந்ததையும் எழுதல. ஒரு காகிதத்தை ரெண்டு பேருக்கும் வச்சிக்கினு இருக்காரு. அவன் செத்ததை நான் இப்ப எழுதினா, இவனுக்குப் புஸ்தகத்துல இடம் இல்ல. கோயில் புஸ்தகத்தைக் காட்டிக் கோர்ட்டுல கேக்கலாம். ஆனா உங்க வீட்டுக்காரர் கொம்யூன் ஆளு, மறைச்சதுக்குப் பதில் சொல்லணும், வேலை நிக்காது. கோர்ட்டு முடியறதுக்குள்ள இங்க எந்தக் கொடி பறக்கும்னு எனக்கே தெரியாது. காகிதம் இல்லாதவனை எந்தக் கொடியும் தன் ஆளுன்னு சொல்லாதும்மா." பேனாவை எடுத்து, "நீங்களே சொல்லுங்க. யாரை எழுதட்டும்?" என்றார்.

அம்மா கதவைத் திறந்தாள். வெளியே வரும்போது என் கையைப் பிடித்திருந்த பிடி வலித்தது. அவள் யாரைப் பிடித்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அப்பா வேலை முடிந்து வந்து சாவியை மூலையில் சாய்த்தார். மழை ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது. அம்மா கத்துவாள் என்று நான் பாயைச் சுருட்டிக்கொண்டு அடுப்பு ஓரம் போய் உட்கார்ந்தேன். அவள் கத்தவில்லை. ஏன் எழுதலை என்று மட்டும் கேட்டாள். அப்பா ஈரத் தலையைத் துவட்டி முடித்தார். அப்புறம் பேசினார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டது அந்த ஒரு நாள்தான்.

"எழுதத்தான் போனேன். அடக்கம் முடிஞ்சி நேரா மேரிக்குத்தான் போனேன். சீட்டு இல்லாம பொதைக்கக் கூடாது, நம்ம கொம்யூன் ஆளுதானே, நாளைக்குக் குடுங்கன்னு கல்லறைக்காரர் விட்டாரு. எழுத்தர் பேனாவை மையில தொட்டுக்கினு யாருன்னாரு. வாயைத் தொறந்தேன். பேரு வரல. என்னா விஷயமா வந்தீங்கன்னாரு. அந்தத் தெருக் குழாய் ஒழுகுது, சாவி எடுத்துக்கினு போறேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

அம்மா அடுப்பில் விறகைத் தள்ளினாள்.

"மறுநாளு போனேன். மறுநாளும் வரல. நான் சொல்லாத வரைக்கும் அவன் அந்தப் புஸ்தகத்துல இருக்கான்ல? அப்டியே இருக்கட்டும்னு வுட்டுட்டேன். அப்புறம் இவன் வந்தான்."

சாயங்காலமே சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று எட்டு வருஷம் அம்மா மனசில் வைத்திருந்தாளே, அது இப்படித்தான் நடந்திருக்கிறது. ஒரு பொய் சொல்லி வெளியே வந்த மனிதன், அந்தப் பொய்யை உண்மையாக்க வீட்டுக்கு வந்து சாவியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். அம்மா எழுந்து அவருக்குச் சோறு போட்டாள். எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை. கவலையெல்லாம் ஒன்றே ஒன்று. அவள் அவனை எழுதச் சொல்லிவிட்டால் நான் எங்கே போவது என்பது. செத்துப்போன பையனுக்குக் குழியாவது இருந்தது. எனக்கு அதுவும் இல்லையே என்று நினைத்துக்கொண்டு படுத்தேன்.

சகல புனிதர்கள் திருநாளன்று கொடி மாறியது. டவுனில் ஜனம் தாங்கவில்லையாம், வெடியாம், மிட்டாயாம். எங்கள் மேரி முற்றத்தைக் கழுவுவதற்காக அப்பா விடியற்காலையிலேயே தண்ணீர் திறந்துவிட்டார். பழைய கொடியை மடித்து அலமாரியில் வைத்ததை நான் பார்த்தேன். ஈரத் துணியை மடிப்பது மாதிரி அவசரமாக மடித்தார்கள்.

மறுநாள் கல்லறைத் திருநாள். உங்களில் சில பேருக்கு அந்த மத்தியானம் நினைவிருக்கும். மழை விட்டிருந்தது. எல்லோரும் துடைப்பமும் சுண்ணாம்பு வாளியும் செவ்வந்திப் பூவுமாக வந்திருந்தார்கள். புது ஆட்சியைப் பற்றித்தான் கல்லறைகளுக்கு நடுவில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா பூவும் வாங்கவில்லை, சுண்ணாம்பும் எடுக்கவில்லை. என்னை மட்டும் கூட்டிக்கொண்டு போனாள். பிள்ளைகள் வரிசையில் கல்லறைக்காரர் ஒரு நோட்டோடு வந்துகொண்டிருந்தார். நல்ல மனிதர்தான், தலையில் சாக்கு போட்டுக்கொண்டு நனைந்திருந்தார். ஒவ்வொரு குழியிலும் நின்று சீட்டு இருக்கிறதா என்று கேட்டார். எங்களிடம் வந்தார்.

"உங்க வீட்டுக்காரர் நாளைக்குத் தர்றேன்னு சொன்ன சீட்டும்மா. எட்டு வருஷமாச்சி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "கொண்டாந்தீங்களா? இது உங்க புள்ளதானே?"

அம்மா சிலுவையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எழுபது வருஷமாகத் தூக்கிக்கொண்டு திரிகிறேன். தராசில் எதையோ வைத்துவிட்டு முள் நிற்கிற வரைக்கும் பார்ப்பார்களே, அந்த மாதிரி இருந்தது.

"இங்க எங்க புள்ள யாரும் இல்ல" என்றாள்.

கல்லறைக்காரர் தலைச் சாக்கை இழுத்துவிட்டுக்கொண்டார். நோட்டில் ஒன்றும் எழுதாமல் அடுத்த குழிக்குப் போய்விட்டார். அம்மா குனிந்து சிலுவையை இரண்டு கையாலும் ஆட்டி ஆட்டிப் பிடுங்கினாள். அடிப்பக்கம் மண்ணோடு வந்தது. முந்தானையில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டாள், பிள்ளையை வைத்துக்கொள்வது மாதிரி. வழியில் யாரும் கேட்கவில்லை. விறகு வாங்கிக்கொண்டு போகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அதை முறித்து அடுப்பில் வைத்தாள். ஈர மரம், முதலில் புகைதான். சுண்ணாம்பு வெடித்துப் படபடவென்று சத்தம் வந்தது. மேலே அண்டாவில் தண்ணீர் ஏற்றினாள். அம்மைப் பொருக்கு உதிர்கிற வரைக்கும் எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது என்று வைத்திருந்தார்கள். அன்று காலையில்தான் இரண்டும் உதிர்ந்திருந்தன. அடியில் ரோஸ் நிறத்தில் இரண்டு குழி. என்னை முற்றத்தில் நிற்க வைத்து, அந்தத் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினாள். புகை வாசனை அடித்தது. என் இடது கையைத் தேய்க்கும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. கடைசிச் சொம்பை ஊற்றும்போது அந்தப் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டாள். முதல் தடவை. நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன். யாரும் இல்லை.

"உன்னத்தான்டா" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் என்னை "தம்பி" என்று கூப்பிட்டதே இல்லை.

அந்தக் காகிதத்தால் எனக்கு என்ன கிடைத்தது, என்ன போயிற்று என்றும் சொல்லிவிட வேண்டும். அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். காகிதத்தில் பதினொரு வயசு. பதினொரு வயசுப் பையன் அரிச்சுவடி வகுப்பிலா உட்காருவான் என்று பெரிய பையன்களோடு உட்காரவைத்தார் வாத்தியார். அவர்கள் கணக்குப் போட்டார்கள், நான் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடி தாங்காமல் மூன்றாம் மாதம் நின்றுவிட்டேன். அண்ணனுடைய வயசில் அண்ணனுடைய வகுப்பில் உட்கார்ந்துவிட்டு வந்தேன் என்று இப்போது தோன்றுகிறது. எழுதப் படிக்கத் தெரியாமல் போனதால்தான் நான் சொல்லச் சொல்ல இதைப் பேத்தி எழுதுகிறாள், என் பேச்சையெல்லாம் புத்தகத் தமிழாக்கிக்கொண்டு. அப்பாவுக்குப் பிறகு குழாய் வேலை எனக்கு வந்தது. அந்தக் காகிதம் இல்லாவிட்டால் வந்திருக்காது. அதே காகிதம்தான் மூன்று வருஷம் முன்னாலேயே ரிடையராகவும் வைத்துவிட்டது. உடம்பில் தெம்பு இருக்கும்போதே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று சக வேலைக்காரர்கள் ஆச்சரியப்பட்டார்கள். அவனுக்கு வயசாகிவிட்டது, அவ்வளவுதான்.

எங்கள் கொம்யூனையும் டவுனோடு சேர்த்துவிட்டார்கள். கடற்கரைப் பெரிய மேரி ஒரு மழையில் இடிந்து விழுந்ததே, அப்போது போய்ப் பார்த்தேன். செங்கல்லும் தூணும் கிடந்தன. அப்புறம் அதே இடத்தில் அதே மாதிரி ஒன்றைக் கட்டிவிட்டார்கள். பழைய மேரி திரும்ப வந்துவிட்டது என்று போட்டோ எடுக்கிறார்கள். தூணெல்லாம் அப்படியேதான் இருக்கிறது. அதன் எதிரே கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து நான் வெகுநேரம் அதைப் பார்ப்பதுண்டு. அதற்கு ஒன்றும் தெரியாது, பாவம்.

அம்மா போகும்போது எண்பது தாண்டியிருந்தாள். கடைசி இரண்டு நாள் அந்தப் பெயரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். "இருக்கேம்மா" என்று கையைப் பிடிப்பேன். அவள் விரல் என் சட்டைக்குள் போய்த் தழும்பைத் தேடும். இரண்டும் கிடைத்ததும் தூங்கிவிடுவாள். யாரைத் தேடினாள் என்று நான் கேட்டதில்லை. இரண்டு பேரும் ஒரே கையில் கிடைத்திருந்தால் நல்லதுதானே.

இந்த வருஷம் ஜன்னலில் இருந்த பெண் புதுசு. மெஷினில் விரலை வைக்கச் சொன்னாள். எத்தனை தடவை வைத்தும் அது ஏற்கவில்லை. நாற்பது வருஷம் இரும்புச் சாவியைத் திருப்பின விரல், ரேகையெல்லாம் தேய்ந்துபோயிருக்கிறது. கண்ணைக் காட்டச் சொன்னாள். ஆப்பரேஷன் செய்த கண், அதையும் ஏற்கவில்லை. பின்னால் நீங்களெல்லாம் முணுமுணுத்துக்கொண்டிருந்தீர்கள். அவள் உள்ளே போய் என் பழைய சர்வீஸ் புத்தகத்தை எடுத்து வரச் சொல்லி, அதைப் புரட்டினாள்.

"அடையாளம்னு ஒண்ணு எழுதியிருக்கு தாத்தா. இடது கையில ரெண்டு அம்மைத் தழும்பு. இருக்கா?"

சட்டையை மடித்து, ஜன்னல் வழியாகக் கையை நீட்டினேன். அவள் எட்டிப் பார்த்தாள். எவ்வளவு சுருங்கிய தோலிலும் அவை அப்படியேதான் இருக்கின்றன. அம்மை குத்துகிறவர் சொன்னது சரி, மறையவே இல்லை.

"நல்லாத் தெரியுது" என்றாள். டக்கென்று முத்திரை குத்தினாள்.

அங்கேயிருந்து வருஷா வருஷம் நான் வீட்டுக்குப் போவதில்லை. ஷேர் ஆட்டோ பிடித்துக் கல்லறைத் தோட்டத்துக்குப் போவேன். திருநாள் முடிந்து பத்து நாள் ஆகியிருக்கும், பூவெல்லாம் அழுகிக் கிடக்கும். பிள்ளைகள் வரிசையில் எத்தனையோ தடவை குழி மாற்றிவிட்டார்கள். அவன் இருந்த இடம் எது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. வேப்பமரத்திலிருந்து நாலாவதோ ஐந்தாவதோ. இந்த வருஷம் அங்கே ஒரு பெண் குழந்தை இருக்கிறாள், கிரானைட் கல், பிளாஸ்டிக் ரோஜா. அவள் கல்லுக்குத் தொந்தரவு இல்லாமல் ஓரமாக, மண்ணில், ஒரு மெழுகுவர்த்தி வைத்தேன். நான் போகும்போதுதான் அவன் செத்ததையும் எழுதுவார்கள். அதுவரைக்கும் அந்தப் பக்கத்தின் ஓரம் காலியாகத்தான் இருக்கும். ஒன்றரை வயசுக் குழந்தையை அண்ணன் என்று கூப்பிட வாய் கூசத்தான் செய்கிறது. இருந்தாலும் மூத்தவன்.

காற்றில் அணையாமல் திரியைக் கையால் மறைத்துக்கொண்டு குனிந்து சொன்னேன்.

"அண்ணே, இந்த வருஷமும் காட்டிட்டு வந்துட்டேன்."